செத்த காலேஜுக்கு யார் வாத்தியார்?

ஒரு வருஷம் கொடுக்கிறார்கள். அருங்காட்சியகத்தில் கல்விப் பணி செய்ய விரும்புகிற இளைஞர்களுக்கு ஒரு வருஷப் பயிற்சி, மாதாமாதம் உதவித்தொகை, முடிவில் ஒரு சான்றிதழ். அமெரிக்காவில் முப்பது வருஷமாக நடக்கிற சங்கதி இது. இப்போது நம்ம பக்கமும் இந்த மாதிரி ஃபெல்லோஷிப் அறிவிப்புகள் ஒன்றிரண்டு வருகின்றன. கடைசி வரியில், ஒடுக்கப்பட்ட சமூகத்தவர் விண்ணப்பிப்பது வரவேற்கப்படுகிறது என்று ஒரு வாசகம் இருக்கும். நம்ம பிள்ளைகள் அதைக் கொண்டாந்து காட்டி, "அக்கா, போடலாமா?" என்கிறார்கள். போடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் எதற்குள் போகிறோம், அங்கே நமக்கு என்ன இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு போட வேண்டும்.

பழைய மெட்ராஸ்காரர்கள் எழும்பூர் மியூசியத்தை 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. படித்தவர்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்கு இது சிரிப்பாகப் படவில்லை. கல்லூரி வாசலை மிதிக்க விடாமல் வைக்கப்பட்டிருந்த சனம், அங்கே ஏதோ பாடம் நடக்கிறது என்பதைக் கண்டுபிடித்துப் பேர் வைத்திருக்கிறது. செத்த மிருகங்கள், உடைந்த சிலைகள், துருப்பிடித்த ஆயுதங்கள் எல்லாம் பாடப் புத்தகங்கள். சரி, காலேஜ் என்றால் வாத்தியார் இருக்க வேண்டுமே, அவர் யார்? யார் சொல்லிக்கொடுத்து யார் கேட்டுக்கொள்வது? ஒரு வருஷ ஃபெல்லோஷிப் என்கிற ஏற்பாட்டை இந்தக் கேள்வியை வைத்துத்தான் உரசிப் பார்க்க வேண்டும்.

மியூசியத்துக்குள்ளேயே ஒரு வருணாசிரமம் இருக்கிறது. எதை வாங்குவது, எதைக் கிடங்கில் போட்டுப் பூட்டுவது, எதைக் கண்ணாடிக்குள் வைப்பது, அதன் கீழே என்ன எழுதுவது என்று தீர்மானிக்கிறவர் காப்பாட்சியர். அந்த எழுத்தை ஒப்பித்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு விளங்க வைக்கிறவர் கல்வியாளர். முன்னவர் கையில் பேனா இருக்கிறது, பின்னவருக்கு வாய் மட்டும்தான். இவர்களுக்குக் கீழே வாசலில் நிற்கிற காவலாளி, அவருக்கும் கீழே தரை துடைக்கிறவர். ஒடுக்கப்பட்ட சமூகத்து இளைஞர்களுக்கு என்று ஃபெல்லோஷிப் வருகிறபோது அது பெரும்பாலும் இந்த இரண்டாவது படியில்தான் வருகிறது. வாய் தருகிறேன் என்கிறார்கள்.

அமெரிக்கக் கணக்கைப் பார்ப்போம். மெலன் அறக்கட்டளை 2015இல் அங்கத்திய கலை அருங்காட்சியகங்களின் பணியாளர் கணக்கெடுப்பை வெளியிட்டது. காப்பாட்சியர்கள், பொருட்களைப் பழுதுபார்த்துக் காக்கும் வல்லுநர்கள், கல்வியாளர்கள், தலைமைப் பொறுப்பாளர்கள் ஆகிய நாலு வகை வேலைகளையும் சேர்த்துப் பார்த்தால் 84 சதவீதம் வெள்ளையர்கள், கறுப்பின மக்கள் 4 சதவீதம். வெள்ளையரல்லாதவர்கள் அதிகம் தென்படுவது காவலிலும் கட்டடப் பராமரிப்பிலும். நமக்கு இந்தக் கணக்கு புரிய மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. நம்ம ஊர் நகராட்சி அலுவலகத்தைக் கீழிருந்து மேலே பார்த்தாலே போதும்.

இந்த நிலைமையை மாற்றத்தான் அங்கே ஃபெல்லோஷிப்கள் வந்தன. செயின்ட் லூயிஸ் கலை அருங்காட்சியகம் 1990களின் தொடக்கத்திலேயே ரொமாரே பியர்டன் என்கிற கறுப்பின ஓவியரின் பேரில் ஒன்றை ஆரம்பித்தது. வேறு பல இடங்களும் பின்தொடர்ந்தன. இவற்றில் படித்து மேலே வந்தவர்கள் இருக்கிறார்கள், அதை மறுத்துப் பேசுவது அயோக்கியத்தனம். ஆனாலும் அத்தனை வருஷத்துக்கு அப்புறம் எடுத்த கணக்கில்தான் அந்த 4 சதவீதம் வருகிறது. ஆண்டுக்கு ஒருவரை உள்ளே விட்டு ஆண்டு முடிவில் வெளியே அனுப்பினால் கட்டடம் எப்படி மாறும்?

சிகாகோவில் 2021இல் நடந்த தகராறு நமக்கு ரொம்ப முக்கியம். அங்கத்திய கலை நிறுவன அருங்காட்சியகத்தில் 1961 முதல் சம்பளமில்லாத தன்னார்வலர்கள்தான் பார்வையாளர்களுக்கு விளக்கம் சொல்லிவந்தார்கள். பெரும்பாலும் வயதான, வசதியுள்ள வெள்ளைப் பெண்கள். எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் அந்தச் சமயம் பணியில் இருந்தார்கள். நிர்வாகம் அந்த ஏற்பாட்டை முடித்துவிட்டு, சம்பளம் வாங்கும் கல்வியாளர்களை வைத்துக்கொள்ளப் போவதாக அறிவித்ததும் பத்திரிகைகளில் ஒரே கூச்சல். அர்ப்பணிப்போடு உழைத்தவர்களை நிறத்தைச் சொல்லி விரட்டுகிறார்கள் என்றார்கள். அந்தப் பெண்கள் மனசாரத்தான் உழைத்திருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் சம்பளம் வேண்டாம் என்று வருஷக்கணக்கில் வேலை செய்ய யாரால் முடியும்? அன்றாடங்காய்ச்சி வீட்டுப் பெண்ணால் முடியுமா? 'சேவை' என்கிற சொல் இருக்கிறதே, அதைவிடப் பெரிய பூட்டு எந்த வாசலிலும் தொங்கியதில்லை. கறுப்பர்கள் வரக்கூடாது என்று யாரும் எழுதி வைக்க வேண்டிய அவசியமே இல்லை, கூலி கிடையாது என்றால் போதும், தானாக நின்றுவிடுவார்கள். அந்த வகையில் உதவித்தொகையோடு வருகிற ஃபெல்லோஷிப் ஒரு படி மேல்தான்.

கூலி கொடுத்தாலும் அந்த வாய்க்கு என்ன மதிப்பு என்பது 2020 ஏப்ரலில் தெரிந்தது. கொரோனாவுக்காகக் கதவடைத்த நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், தன்னிடம் ஒப்பந்தத்தில் இருந்த கல்வியாளர்கள் எண்பதுக்கும் மேற்பட்டவர்களின் ஒப்பந்தங்களை ஒட்டுமொத்தமாக முடித்துக்கொண்டது. உலகத்திலேயே பணக்கார மியூசியங்களில் ஒன்று அது.

இந்த இரண்டாம் படியில் நின்றவர் ஒருவர் பேனாவைக் கையில் எடுத்தபோது என்ன நடந்தது என்பதற்குப் பிரெட் வில்சனின் கதை இருக்கிறது. கறுப்பினக் கலைஞர். நியூயார்க் மியூசியங்களின் கல்விப் பிரிவுகளில் வேலை பார்த்தவர், அதற்கு முன்னால் மாணவராக இருந்தபோது மியூசியக் காவலாளியாகவும் நின்றவர். 1991இல் அவர் செய்த ஒரு படைப்பு: நாலு கறுப்புப் பொம்மைகளுக்கு நியூயார்க்கின் நாலு மியூசியங்களுடைய காவலாளிச் சீருடையைப் போட்டு நிறுத்தினார். பொம்மைகளுக்குத் தலை கிடையாது. பார்க்க வருகிறவன் காவலாளியின் முகத்தைப் பார்ப்பதே இல்லை, அப்புறம் தலை எதற்கு?

அடுத்த வருஷம் பால்டிமோர் நகரத்தின் மேரிலாண்ட் வரலாற்றுச் சங்கத்துக்குள் போனார். மேரிலாண்ட் அடிமை முறை நடந்த மாகாணம். சங்கத்தின் கண்ணாடிப் பெட்டிகளிலோ கனவான்கள் வீட்டுச் சாமான்கள். வில்சன் வெளியிலிருந்து பெரிதாக எதையும் கொண்டுவரவில்லை. அவர்களுடைய கிடங்கைத் திறக்கச் சொன்னார், பதிவேடுகளைப் படித்தார், இருந்த பொருட்களை இடம் மாற்றி வைத்தார், அட்டையை மாற்றி எழுதினார். அவ்வளவுதான். 'உலோக வேலைப்பாடு, 1793–1880' என்று ஒரு அட்டை. அதன் மேலே வேலைப்பாடு மிக்க வெள்ளிக் குவளைகள், அவற்றின் நடுவே அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கு. இரண்டும் உலோகம், இரண்டும் ஒரே காலம், ஒரே சங்கத்தின் கிடங்கிலிருந்து வந்தவை. அட்டையில் ஒரு பொய்யும் இல்லை. இன்னொரு இடத்தில் 'மரவேலை' என்று அட்டை: அழகழகான நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருக்க, அவை பார்த்துக்கொண்டிருப்பது ஒரு சவுக்கடிக் கம்பத்தை. குழந்தைத் தள்ளுவண்டிக்குள் கு கிளக்ஸ் கிளானின் முகமூடி. வெள்ளைப் பீடங்களில் நெப்போலியன் முதலான மூன்று பேரின் மார்பளவுச் சிலைகள். அவர்களில் ஒருத்தரும் மேரிலாண்டுக்காரர் இல்லை. பக்கத்தில் மூன்று கறுப்புப் பீடங்கள் வெறுமனே நின்றன. ஹாரியட் டப்மன், பிரெடரிக் டக்ளஸ், பெஞ்சமின் பேனக்கர் என்று பெயர் மட்டும். மூன்று பேரும் அந்த மண்ணில் பிறந்தவர்கள்.

பழைய ஓவியங்களில் எசமானர் குடும்பத்துக்குப் பக்கத்தில், இருட்டில், தட்டு ஏந்தியபடி கறுப்புப் பிள்ளைகள் நிற்பார்கள். வில்சன் அவர்கள் மேல் வெளிச்சம் விழச் செய்து, அந்தப் பிள்ளைகளின் குரலில் கேள்விகள் கேட்கும்படி ஒலிப்பதிவு வைத்தார். நான் இதைப் புகைப்படங்களிலும் எழுத்திலும்தான் அறிந்திருக்கிறேன். இருந்தாலும் கிளானின் முகமூடியை விட இந்தப் பிள்ளைகள்தான் என்னைத் தூங்க விடவில்லை. முகமூடி அதிர்ச்சி தருகிறது, அதிர்ச்சி சீக்கிரம் ஆறிவிடும். தட்டேந்தி நிற்கிற பிள்ளை நூறு வருஷத்துக்கும் மேலாக எல்லார் கண் முன்னாலும்தான் நின்றது, யாருக்கும் தெரியவில்லை.

வில்சனைப் பெரிய கலைஞர் என்று கொண்டாடுகிறார்கள், கொண்டாடட்டும். ஆனால் அவர் பால்டிமோரில் செய்தது ஒரு மியூசியக் கல்வியாளர் தினமும் செய்ய வேண்டிய வேலை. ஒரு பொருளை இன்னொரு பொருளுக்குப் பக்கத்தில் வைத்து, இதைச் செய்தது யார், இதனால் அடிபட்டது யார் என்று கேட்க வைப்பது. கலைஞர் என்கிற விருந்தாளிக்குக் கிடைத்த கிடங்குச் சாவி, கல்வியாளர் என்கிற ஊழியருக்குக் கிடைக்காது என்பதுதான் விஷயம். அதிலும் அந்தக் கண்காட்சி 1992 ஏப்ரலில் தொடங்கி 1993 பிப்ரவரியில் முடிந்தது. அங்கேயும் ஒரு வருஷம்தான். முழுசாக அதுகூட இல்லை.

இனி நம்ம செத்த காலேஜுக்கு வருவோம். எழும்பூர் மியூசியம் 1851இல் தொடங்கியது. 1885 முதல் 1908 வரை அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். ரங்காச்சாரியோடு சேர்ந்து 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதி வெளியிட்டாரே, அவரேதான். நம்ம பாட்டன் பூட்டன்களின் மூக்கு நீளம், மூக்கு அகலம், மண்டைச் சுற்றளவு எல்லாவற்றையும் கருவி வைத்து அளந்து அட்டவணை போட்டவர். அவரே எழுதி வைத்திருக்கிற ஒரு சம்பவம்: வயநாட்டில் பணியர் பெண்கள் இவரைப் பார்த்ததும் ஓடியிருக்கிறார்கள். தங்களில் நல்ல உருப்படிகளாகப் பார்த்துப் பிடித்து, வைக்கோல் அடைத்து, மெட்ராஸ் மியூசியத்தில் வைக்கத்தான் வந்திருக்கிறார் என்று பயந்தார்களாம். தர்ஸ்டனுக்கு இது வேடிக்கை. எனக்கோ, அந்தப் பணியர் பெண்கள்தான் தென்னிந்தியாவின் முதல் மியூசிய விமர்சகர்கள் என்று படுகிறது. மியூசியம் என்பது என்ன, அதில் தங்களுக்கு ஒதுக்கிய இடம் எது என்று ஓடுவதற்கு முன்னாலேயே புரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

இதனால் சில தோழர்கள், அந்தக் கட்டடமே நமக்கு வேண்டாம், நம்ம மியூசியத்தை நாமே கட்டுவோம் என்கிறார்கள். கட்டுவோம், நல்லதுதான். ஆனால் நம்ம சாமான் அங்கே மாட்டிக்கொண்டிருக்கிறதே!

அமராவதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆந்திரத்தின் அந்தப் பௌத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள் பெரும்பாலும் எழும்பூரிலும் லண்டனிலுமாகப் பிரிந்து கிடக்கின்றன. பார்க்க வருகிறவர்களுக்குச் சாதவாகனர் காலம், நுட்பமான வேலைப்பாடு என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அமராவதியில் கிடைத்த பிராகிருதக் கல்வெட்டுகளில் ஒன்று என்ன சொல்கிறது தெரியுமா? விதிகன் என்கிற சம்மகாரர், தன் தாய், மனைவி, சகோதரர்கள், பிள்ளைகள், சுற்றத்தாரோடு சேர்ந்து பூரண கும்பம் செதுக்கிய பலகையைக் காணிக்கையாகக் கொடுத்தார் என்கிறது. சம்மகாரர் என்றால் தோல் வேலை செய்கிறவர். இரண்டாயிரம் வருஷத்துக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கமாக, ஒரு தோல் தொழிலாளி தன் தொழிலை மறைக்காமல் பேரோடு சேர்த்துக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார். அவருடைய அப்பா யார்? 'உபஜ்ஜாய' நாகன். உபாத்தியாயர். அந்தச் சொல்தான் தமிழில் தேய்ந்து நம்ம வாயில் 'வாத்தியார்' ஆனது. வாத்தியார் மகன் தோல் தொழிலாளி! அன்றைக்கு அவர்களைச் சமூகம் எந்த இடத்தில் வைத்திருந்தது என்று ஒரு கல்லை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் தோலும் படிப்பும் ஒரே வீட்டில் இருந்தது என்று இந்தக் கல் சொல்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய தன் பத்திரிகையில் பக்கம் பக்கமாக எழுதி நிலைநாட்டப் பார்த்த பௌத்தப் பழமைக்குப் பக்கத்தில் இந்தக் கல்லை வைத்துப் பேச ஒரு ஆள் அந்தக் கூடத்தில் நிற்க வேண்டாமா? இதை நம்ம பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பது?

யாரும் சொல்லிக்கொடுக்காத இடத்தில் வேறொன்று நடக்கும். சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் மாலை வகுப்புப் பிள்ளைகளை ஒரு மியூசியத்துக்கு அழைத்துப்போனோம். எந்த ஊர் என்பது வேண்டாம். இசைக்கருவிகள் வரிசையில் வீணை, தம்புரா எல்லாம் தாண்டி ஓரத்தில் ஒரு பறை இருந்தது. ஏழாம் வகுப்பு படிக்கிற பையன் ஒருத்தன் கண்ணாடிகிட்ட போய் நின்று, "அக்கா, தோலு தொங்கிப்போச்சு பாருங்க. வைக்கோல் போட்டுக் காய்ச்சுனாத்தான் பேசும்" என்றான். வேப்பங்கட்டை மூன்று துண்டாக வெட்டிச் சேர்ப்பது, கன்றுத் தோலைப் புளியங்கொட்டைப் பசை வைத்து ஒட்டுவது, நீளக் குச்சி எந்தக் கையில், அடிக்குச்சி எந்தக் கையில் என்று மற்ற பிள்ளைகளுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டான். அவன் தாத்தா செய்வதைப் பார்த்தவன். வேறொரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் வந்து நின்று கேட்டார்கள். அந்த நேரம் வழிகாட்டி வந்தார். "தம்பி, கண்ணாடியத் தொடாத. அது சாவுக்கு அடிக்கிறது, வேற ஒண்ணுமில்ல. வாங்க வாங்க, அந்தப் பக்கம் நடராசர் இருக்காரு." மற்ற பள்ளிப் பிள்ளைகள் இரண்டு பேர் இவனைப் பார்த்துச் சிரித்தார்கள். பையன் அதற்குப் பிறகு வெளியே வருகிறவரை வாயைத் திறக்கவில்லை. அந்தக் கூடத்தில் அன்றைக்கு இருந்த ஒரே வாத்தியார் அவன்தான்.

அந்த வழிகாட்டி கெட்டவர் இல்லை. அட்டையில் என்ன இருந்ததோ அதைத்தான் சொன்னார். அட்டை சாவு என்றது, அவரும் சாவு என்றார். ஆகவே அங்கே நம்ம ஆளையே நிறுத்தினாலும் அட்டை மாறாதவரை அதே வாசகத்தைத்தான் ஒப்பிக்க வேண்டியிருக்கும்.

திருவண்ணாமலை பக்கத்துத் தங்கை ஒருத்தி, வரலாறு எம்.ஏ., இப்படி ஒரு ஃபெல்லோஷிப்பில் ஒரு வருஷம் இருந்தாள். நிறுவனத்தின் பேர் வேண்டாம். நேர்காணல் முழுக்க ஆங்கிலம். எப்படியோ தேறினாள். வாரா வாரம் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள், படம் வரைய வைப்பாள், களிமண் கொடுத்துப் பானை செய்ய வைப்பாள். பிள்ளைகள் இவளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அங்கே ஒரு ஓலை இருந்தது, 'நில விற்பனை ஆவணம்' என்று அட்டை. இவளுக்கு ஓலை எழுத்து வாசிக்க வரும். வாசித்துப் பார்த்தால் நிலத்தோடு சேர்த்து ஆட்களையும் விற்றிருக்கிறார்கள், சாதிப் பேர் சொல்லி. அடிமை ஓலை. அட்டையில் ஒரு வரி சேர்க்கலாமா என்று எழுத்துமூலம் கேட்டிருக்கிறாள். "அது கல்விப் பிரிவு வேலை இல்லம்மா, நீ பிள்ளைங்களப் பாரு" என்று பதில் வந்தது. வருஷம் முடிந்தது. ஆண்டறிக்கை அட்டையில் இவள் சிரிக்கிற படம் வந்தது. வேலை என்று எதுவும் வரவில்லை. இப்போது ஒரு பயிற்சி மையத்தில் போட்டித் தேர்வுக்கு வரலாறு நடத்துகிறாள்.

ஃபெல்லோஷிப் கொடுப்பதும் இடம் கொடுப்பதும் வேறு வேறு என்று நமக்கு நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தெரியும். 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கொடுத்த உதவித்தொகையில்தான் பாபாசாகேப் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். படித்துவிட்டு வந்து பத்து வருஷம் பரோடா அரசில் வேலை செய்வதாக ஒப்பந்தம். 1917இல் வேலையில் சேரப் போனால் அந்த ஊரில் தங்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பேரை மறைத்துத் தங்கி, அங்கிருந்தும் தடிக்கம்போடு வந்து விரட்டப்பட்டு, பம்பாய் ரயிலுக்கு நேரமாகிறவரை கமாட்டி பாக் என்கிற பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்ததை அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பூங்காவுக்குள்தான் சாயாஜிராவ் கட்டிய பரோடா அருங்காட்சியகம் இருக்கிறது. 1894இல் கட்டி முடித்தது. இதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில்தான் 1952இல் அருங்காட்சியகவியல் துறையும் வந்தது. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்த மனிதர் மியூசியம் இருக்கிற தோட்டத்தில் அஞ்சு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார், ஊருக்குள் அவருக்கு ஒரு திண்ணைகூட இல்லை. உதவித்தொகையை மன்னர் நல்ல மனசோடுதான் கொடுத்தார். மன்னரின் மனசு அவருடைய குமாஸ்தாக்களுக்கும் கடைநிலை ஊழியர்களுக்கும் இறங்கவில்லை.

எனவே விண்ணப்பம் போடுகிற தம்பி தங்கைகளே, போடுவதற்கு முன்னால் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். வருஷம் முடிந்த மறுநாள் எங்களுக்கு என்ன வேலை, முன்னால் இருந்துவிட்டுப் போனவர்களில் எத்தனை பேர் இப்போது உங்களிடம் சம்பளத்தில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். கிடங்கின் பதிவேட்டை நாங்கள் பார்க்கலாமா, விளக்க அட்டையில் தப்பு இருந்தால் திருத்தி எங்கள் பேர் போட்டு எழுதலாமா என்று கேளுங்கள். பறையைச் செய்கிற பெரியவரை அந்தக் கூடத்துக்குக் கூப்பிட்டால் அவருக்கு எவ்வளவு கூலி என்றும் கேளுங்கள். அப்படிக் கேட்டதால் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டால் அந்தப் பதிலையும், பதிலே வராவிட்டால் நீங்கள் எழுதிய கடிதத்தின் நகலையும் இதழ் முகவரிக்கு அனுப்பி வையுங்கள். நிறுவனத்தின் பேரை வைத்துக்கொண்டு பேசலாம்.